வேரடியில் ஒரு கொடுக்கல் வாங்கல்

கடலைக் கொல்லையில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் உதிர்கிற மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்று, நாம் மூச்சுவிடும் காற்றைப் போன்றது இல்லை. வேர்களும் நுண்ணுயிர்களும் இரவு பகலாக மூச்சுவிட்டு நிரப்பிய காற்று அது. அதில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை இருக்கும். இதை அறிந்தவர் ஒருவர் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்கலாம். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது; இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே பல ஆயிரம் பங்கு கரியமில வாயுவுக்குள் குடியிருக்கும் மண் நுண்ணுயிருக்கு, மேலே நூறு பங்கு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? கேள்வி சரியானது. நேரடியாக அதற்கு ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் பதில். ஆனால் அந்த நூறு பங்கை மிக நன்றாக உணரும் உயிர் ஒன்று தரைக்கு மேலே நிற்கிறது. அது பயிர். காற்றில் நடக்கும் மாற்றம் வேரடி நுண்ணுயிர்களுக்குப் பயிர் வழியாகவே போய்ச் சேர்கிறது. ஆகவே கரியமில வாயு நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்று கேட்பதைவிட, கூடுதலாகக் கிடைக்கும் கரியைப் பயிர் எப்படிச் செலவு செய்கிறது, அதற்கு ஈடாக எதைத் திரும்பப் பெறுகிறது என்று கேட்பதே பயனுள்ளது.

வரவைப் பார்ப்போம். இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். உலகத்தின் சோற்றுக்கே பொறுப்பாளி என்றாலும் வேலையில் கொஞ்சம் கவனக்குறைவு உண்டு. கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, செய்த வேலையில் ஒரு பகுதியை வீணாக்கிவிடும். காற்றில் கரியமில வாயு கூடினால் இந்தத் தவறு குறைகிறது. நெல், கோதுமை, பயறு வகைகள், நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றில் சர்க்கரை உற்பத்தி உயர்வது இதனால்தான். இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்க வேண்டிய அவசியமும் குறைவதால் நீர்ச் செலவு மிச்சமாகிறது. மண்ணில் ஈரம் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கிறது. இனிச் செலவு. கோதுமையும் பார்லியும் தாம் தயாரிக்கும் கரியில் 20 முதல் 30 சதவீதத்தை மண்ணுக்குக் கீழே அனுப்புகின்றன. அதில் ஏறக்குறைய பாதி வேரின் உடம்பாகிறது. மீதி சர்க்கரையாக, கரிம அமிலங்களாக, அமினோ அமிலங்களாக, வழவழப்பான பசையாக, வேர் நுனியிலிருந்து உதிரும் செல்களாக மண்ணில் கலந்து, பெரும்பகுதி சில நாள்களுக்குள் நுண்ணுயிர்களின் மூச்சாக வெளியேறிவிடுகிறது. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அகலத்தில் நடக்கும் இந்த விருந்துக்கு 1904-ல் ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். தமிழில் வேரடி மண்டலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயிர் ஏன் இப்படி அள்ளி இறைக்கிறது? வேரால் தனியே பெற முடியாத சரக்கு நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. மக்கில் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தைப் பிரித்துத் தரும் பாக்டீரியா உண்டு. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்து வரும் வேர்ப்பூஞ்சை உண்டு. பயறுச் செடியின் வேர் முடிச்சுக்குள் உட்கார்ந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனையே தழைச்சத்தாக்கித் தரும் ரைசோபியமும் உண்டு. கரியைக் கொடுத்துச் சத்தை வாங்கும் பண்டமாற்று இது. அப்படியானால் காற்றில் கரியமில வாயு கூடக் கூடப் பயிரின் கையில் கரி புரளும். நுண்ணுயிர்களுக்குக் கூடுதல் கூலி கிடைக்கும். அவை கூடுதல் சத்தைத் தரும். வளர்ச்சி மேலும் ஓங்கும் என்றுதானே தோன்றும். கரியமில வாயு பயிருக்கு உணவு, அது கூடுவதைக் கண்டு ஏன் அலற வேண்டும் என்று கேட்பவர்களின் வாதத்துக்கு அடித்தளம் இதுதான். பாதி உண்மை இதில் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் 1993-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சாண்ட்ரா டியாஸும் பிலிப் கிரைமும் அவர்களது குழுவினரும் கரியமில வாயுவைக் கூட்டிச் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். வேரிலிருந்து கூடுதல் கரி மண்ணுக்கு வந்தது, நுண்ணுயிர்களும் பெருகின. ஆனால் பெருகிய நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த சத்தைத் தாமே பதுக்கிக்கொண்டன; செடி பட்டினி கிடந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் டொனால்ட் ஸாக்கும் உடன் பணியாற்றியவர்களும் பாப்லர் வகை மரக்கன்றுகளில் ஏறத்தாழ அதே சோதனையைச் செய்தார்கள். கரி கூடியது, நுண்ணுயிர் கூடியது, கன்றுகளுக்குக் கிடைத்த தழைச்சத்தும் கூடியது. ஒரே தொடக்கம், நேர் எதிர் முடிவு. அறிவியலில் இப்படி நேரும்போது யாரோ ஒருவர் தப்பு செய்துவிட்டார் என்று முடிவு கட்டுவது எளிது. இங்கே இரண்டு பேரும் சரி.

காரணம் நுண்ணுயிரின் உடம்பிலேயே இருக்கிறது. மண் நுண்ணுயிர்களின் உடலில் சராசரியாக ஏழெட்டுப் பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். வேர் கசியவிடும் சர்க்கரையிலோ நைட்ரஜன் துளியும் கிடையாது. சோறு மட்டும் கிடைத்து, குழம்புக்கு அலைகிற நிலை. மண்ணில் தயாராகக் கிடக்கும் தழைச்சத்தைப் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். வேருக்கும் அதற்கும் போட்டி வந்தால், உடனடி ஓட்டத்தில் பெரும்பாலும் பாக்டீரியாதான் முந்தும். ஆனால் அதன் ஆயுள் குறைவு. அது செத்தாலோ, புரோட்டோசோவா போன்ற இன்னும் கொஞ்சம் பெரிய உயிர் அதைத் தின்றாலோ, பதுக்கிய சத்து மறுபடி வேரடியிலேயே கொட்டுகிறது. சர்க்கரையால் தெம்பு கூடிய நுண்ணுயிர்கள், முன்பு தொடாமல் விட்ட பழைய மக்கையும் உடைக்கத் தொடங்குகின்றன. அதற்குள் இருக்கும் தழைச்சத்து வெளியே வருகிறது. பசுந்தாளை மடக்கி உழுதால் அந்தத் தாளில் உள்ள சத்து மட்டுமின்றி மண்ணின் பழைய மக்கும் சேர்ந்து கரைகிறது என்று 1926-லேயே லோனிஸ் என்ற ஆய்வாளர் கவனித்து எழுதிவிட்டார். ஆக, மக்கு வளமான மண்ணில் கூடுதல் கரி ஒரு சாவியாக வேலை செய்யலாம். மக்கு வற்றிய மண்ணில் திறப்பதற்குப் பெட்டியே இல்லை. கூடுதல் கரியமில வாயு வேரடி உறவைப் பயிருக்குச் சாதகமாகத் திருப்புமா, பாதகமாகத் திருப்புமா என்பதை அந்த இடத்தின் தழைச்சத்துக் கணக்குதான் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

தொட்டிச் செடியில் கண்டது வயலில் நடக்குமா என்ற சந்தேகம் எழும். அதற்காகவே திறந்த வயலில் குழாய்களை வட்டமாகவோ எண்கோணமாகவோ பதித்து, காற்று வீசும் திசையைப் பார்த்துக் கரியமில வாயுவை விடும் சோதனைகள் உருவாயின. கூரையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. மழையும் வெயிலும் பூச்சியும் வழக்கம்போல வரும். நெல்லுக்கு இந்த வகையில் முன்னோடி, ஜப்பானின் வடகிழக்கே ஷிஸுகுஇஷியில் 1998-ல் தொடங்கிய வயல். வெளிக்காற்றைவிடச் சுமார் 200 பங்கு கூடுதலாகக் கரியமில வாயு கொடுத்தபோது, போதிய தழைச்சத்து இட்ட பாத்திகளில் விளைச்சல் 15 சதவீத அளவுக்குக் கூடியது; தழைச்சத்தைக் குறைத்த பாத்திகளில் கூடியது 7 சதவீத அளவுதான். காற்று ஒன்று, ரகம் ஒன்று, வயல் ஒன்று. பலன் மட்டும் பாதி.

இதைவிடத் தெளிவான சாட்சி ஸ்விட்சர்லாந்தில் கிடைத்தது. ஸூரிக் நகருக்கு அருகே எஷிகோனில் 1993 முதல் பத்து ஆண்டுகள், ரை புல்லையும் வெள்ளை கிளோவர் என்ற பயறுக் குடும்பத்துத் தீவனச் செடியையும் கூடுதல் கரியமில வாயுவில் வளர்த்தார்கள். கிளோவரின் வேரடியில் ரைசோபியத்தின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. வேரடியில் இருந்த மொத்த பாக்டீரியாக்களின் எண்ணிக்கையில் மாற்றம் தெரியவில்லை. இது சிந்திக்க வேண்டிய செய்தி. செடி கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் படியளக்கவில்லை. தனக்குத் தழைச்சத்து தருபவன் பக்கமே கூடுதல் கரி பலன் தந்திருக்கிறது. கிளோவரில் கூடுதலாகச் சேர்ந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தடம் பார்த்தபோது, அது மண்ணிலிருந்து வரவில்லை, முழுக்கவும் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்தது என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற ரை புல்லுக்கு அப்படிப்பட்ட கூட்டாளி இல்லை. தழைச்சத்து குறைவான இடத்தில் அதன் வளர்ச்சி அதிகம் அசையவில்லை.

இந்த வேறுபாடு புல்வெளியோடு நிற்காமல் நம் தட்டுக்கே வந்து சேர்கிறது. ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் திறந்தவெளிச் சோதனைகளில் விளைந்த தானியங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. கூடுதல் கரியமில வாயுவில் விளைந்த கோதுமையில் புரதம் 6 சதவீதத்துக்கு மேலும், அரிசியில் 8 சதவீதத்தை ஒட்டியும் குறைந்திருந்தது. துத்தநாகமும் இரும்பும் கோதுமையில் குறைந்திருந்தன. சோயாவிலும் பட்டாணியிலும் துத்தநாகமும் இரும்பும் குறைந்தாலும் புரதம் பெரிதாக அசையவில்லை. வேர் முடிச்சில் கூலிக்கு ஆள் வைத்திருக்கும் பயிர், கூடுதல் கரிக்கு ஈடாகக் கூடுதல் நைட்ரஜனை வாங்கிக்கொண்டது. நெல்லும் கோதுமையும் மாவுச்சத்தைப் பெருக்கின. அதற்குத் தக்க நைட்ரஜன் வரவில்லை. நிறைந்த மூட்டை, நீர்த்த சத்து. தானியத்தின் சத்து குறைவதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஊட்டச்சத்துப் பக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு அது வேரடிச் செய்தியாகவே படுகிறது.

இங்கே விவசாயி ஒருவர் குறுக்கிடலாம்: தழைச்சத்துதான் தட்டுப்பாடு என்றால் இன்னும் அரை மூட்டை யூரியா போட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? விளைச்சலைப் பொறுத்தவரை இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஷிஸுகுஇஷியின் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் யூரியாவும் கூடுதல் கரியும் ஒரே இடத்தில் சேரும்போது அங்கே காத்திருக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் விருந்து கிடைக்கிறது. ஈரம் நின்று ஆக்சிஜன் குறைந்த மண்ணில், நைட்ரேட்டையே மூச்சுக்குப் பயன்படுத்தி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேவிடும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றுக்குக் கரியும் வேண்டும். 2011-ல் வான் குரோனிகனும் அவருடைய சகாக்களும் உலகின் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில், கூடுதல் கரியமில வாயு மண்ணிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடை ஏறத்தாழ 19 சதவீதம் உயர்த்துவதாகத் தெரிந்தது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வாயு எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காசு கொடுத்து வாங்கிய யூரியாவின் ஒரு பகுதி இப்படிப் பறந்துபோவது வேறு விஷயம்.

நெல் வயலில் கதை இன்னொரு திருப்பம் எடுக்கிறது. தண்ணீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் போன பிறகு, வேர் கசியவிட்ட பொருள்களை ஒரு கூட்டம் நொதிக்கவைக்கிறது. அதன் கழிவை மெத்தனோஜென் எனப்படும் தொன்மையான நுண்ணுயிர்கள் மீத்தேனாக்குகின்றன. அந்த மீத்தேனில் பெரும்பகுதி குமிழாக வருவதில்லை. நெற்பயிரின் உள்ளே இருக்கும் காற்றுக்குழல்களே அதற்குப் புகைபோக்கி. ஆகவே கரியமில வாயு கூடித் தூர் பெருத்தால், மெத்தனோஜெனுக்குத் தீனியும் கூடுகிறது, வெளியேறும் வாசலும் கூடுகிறது. ஷிஸுகுஇஷியில் 1999-ல் 38 சதவீதமும் 2000-ல் 51 சதவீதமும் மீத்தேன் கூடுதலாக வந்தது. மேலே சொன்ன வான் குரோனிகனின் தொகுப்பாய்விலும் நெல் வயல்களின் சராசரி உயர்வு 40 சதவீதத்துக்கு மேல். இதையே இறுதி எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுதால் மொத்த மீத்தேன் கூடத்தான் செய்யும். ஆனால் கரியமில வாயுவால் வரும் கூடுதல் பங்கு அங்கே சிறுத்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களும் அங்கே பெருகிவிடுவது ஒரு காரணம். ஒற்றை நெல் நடவு செய்பவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவார்களே, அந்த முறையில் வயல் அவ்வப்போது காற்று வாங்குவதால் மீத்தேன் பாதி அளவுக்குக் குறைகிறது. நுண்ணுயிர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மடையை அடைத்தால் போதும். காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு தலைதூக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது யூரியாவை எப்பொழுது இடுகிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

இன்னொரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வேர் வழியாகக் கூடுதல் கரி மண்ணுக்குப் போகிறது என்றால் மண்ணே அதைச் சேமித்துக்கொள்ளும், நிலம் கரி வங்கியாகும் என்பது அது. வேர்ப்பூஞ்சைகள் இந்த நம்பிக்கையின் செல்லப்பிள்ளைகள். அவற்றின் இழைகள் மண் துகள்களைக் கட்டிப்போடும், கரியைப் பாதுகாக்கும் என்று சொல்லப்பட்டது. வட கரோலினாவில் நடந்து 2012-ல் வெளியான சோதனைகள் இதற்கு ஒரு கடிவாளம் போட்டன. கூடுதல் கரியமில வாயுவில் வேர்ப்பூஞ்சை செழித்தபோது மண்ணின் கரிமப் பொருள் சிதைவதும் வேகமெடுத்தது. பூஞ்சைக்குச் செடியிடமிருந்து கரி கிடைக்கிறது. செடிக்குக் கொடுக்கத் தழைச்சத்து வேண்டும். அது மக்கு சிதையும் இடத்தில்தான் இருக்கிறது. ஃபுளோரிடாவின் கருவாலிப் புதர்க்காட்டில் ஆறு ஆண்டுகள் நடந்த சோதனையிலும் பூஞ்சைகள் பெருகி மண்ணின் பழைய கரி குறைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை அலசிய சீசர் டெர்ரரின் 2021 ஆய்வு, செடியின் உடல் பெருமளவு கூடும் இடங்களில் மண்ணின் கரி கூடுவதில்லை, பெரும்பாலும் குறைகிறது என்று காட்டியது. செடி சத்தைத் தேடி மண்ணைத் தோண்டும்போது வங்கியில் இருந்து எடுக்கிறது, போடவில்லை.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறையை யாரேனும் சுட்டினால் அதை மறுக்க மாட்டேன். உலகில் கரியமில வாயு ஆண்டுக்கு இரண்டு மூன்று பங்காக ஏறுகிறது. ஆய்வாளர்கள் ஒரே நாளில் குழாயைத் திறந்து 200 பங்கு ஏற்றிவிடுகிறார்கள். ஜான் கிளிரோனோமோஸ் என்ற ஆய்வாளர் இதை நேராகவே சோதித்தார். ஆறு ஆண்டுகள், செடியின் 21 தலைமுறைகள். ஒரு பக்கம் 550 பங்குக்கு ஒரே தாவலாக, மறு பக்கம் படிப்படியாக. தாவி ஏற்றிய மண்ணில் வேர்ப்பூஞ்சை வகைகள் குறைந்தன. மெல்ல ஏற்றியதில் அப்படி இல்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு நுண்ணுயிர் அழியும், இன்னொன்று ஆளும் என்று பட்டியல் போடுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் மெதுவாக ஏற்றினாலும் மாறுவதில்லை. பாக்டீரியாவின் உடம்புக்கு வேண்டிய ஒரு பங்கு நைட்ரஜனைப் படிப்படியான ஏற்றம் தள்ளுபடி செய்யாது. சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு போன்றவை இலைக்குள்ளேயே கரியமில வாயுவைக் குவித்துக்கொள்ளும் பயிர்கள் என்பதால் இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்கும் என்று பாடநூல் சொல்கிறது. அரிசோனாவின் மேரிகோபாவில் சோளம் நீர் தட்டிய பாத்திகளில்தான் பலன் கண்டது என்பதால் அது பெருமளவு சரி. ஆனாலும் மினசோட்டாவின் சீடர் கிரீக்கில் இருபது ஆண்டு நடந்த புல்வெளிச் சோதனையில், முதல் 12 ஆண்டுகள் பாடநூல்படி நடந்த புற்கள் பிறகு தலைகீழாகின. கூடுதல் கரியமில வாயுவால் பலன் பெறாதவை என்று ஒதுக்கிய புற்கள் முன்னேறின, மற்றவை பின்தங்கின. மண்ணில் தழைச்சத்து விடுபடும் வேகமும் அதே திசையில் மாறியிருந்தது. மறுபடியும் அதே கணக்குதான்.

அப்படியானால் பயறு வகைகள் எல்லாவற்றுக்கும் மருந்தா? இங்கே என் வாதத்துக்கே ஒரு கட்டு போட வேண்டியிருக்கிறது. அதே ஃபுளோரிடாக் காட்டில் ஒரு கொடி, பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது, முதல் ஆண்டில் நைட்ரஜன் பிடிப்பதை வெகுவாகக் கூட்டியது. மூன்றாம் ஆண்டில் அந்தக் கூடுதல் மறைந்தது. ஐந்தாம் ஆண்டிலிருந்து வெளிக்காற்றில் வளர்ந்த கொடியைவிடக் குறைவாகவே பிடித்தது. புரூஸ் ஹங்கேட்டின் குழு 2004-ல் இதற்குச் சொன்ன காரணம் மாலிப்டினம். நைட்ரஜனை உடைக்கும் நொதியின் நடுவே இந்த உலோகம் இருக்கிறது. இம்மியளவுதான் தேவை, அந்த இம்மி கிடைக்காமல் போனது. ரைசோபியத்துக்கு மணிச்சத்தும் அதிகம் வேண்டும். தழைச்சத்துத் தட்டுப்பாட்டைத் தாண்டிய செடி அடுத்த தட்டுப்பாட்டில் போய் நிற்கிறது. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரச் சேற்றில் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறார்களே, அந்த நெல் தரிசுப் பயறுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நிற்கும் நெல்லுக்குள் விதைப்பதால் அடியுரம் இட வழியில்லை. பூக்கும் பருவத்தில் மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யின் 2 சதவீதக் கரைசலை இலையில் தெளிப்பதே வழக்கமான பரிந்துரை. காய் பிடிக்க அது உதவும். வேர் முடிச்சு உருவாகும் முதல் சில வாரங்களுக்கு அது வந்து சேர்வதில்லை. நீர் கட்டிய மண்ணில் இளகிக் கிடந்த மணிச்சத்து, வயல் காயக் காய மறுபடி இறுகிவிடும். ரைசோபியம் பாக்கெட்டை விதையில் கலந்து விதைத்தாலும், காற்றில் 420 பங்கோ 550 பங்கோ கரியமில வாயு இருந்தாலும், அந்தச் சில வாரங்களில் உளுந்தின் வேர் கையேந்தி நிற்பது முந்தைய நெல்லுக்கு இட்ட மணிச்சத்தில் மிஞ்சியதை நம்பித்தான்.